வீட்டுத் தோட்டத்தில் ஆவாரை: விதையிலிருந்து பூ வரை

கரட்டு மேட்டிலும் ரோட்டோரத்திலும் ஏரிக்கரையிலும் யாரும் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றாமல் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கிற ஆவாரை, வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் ஏன் இரண்டு மாதத்தில் செத்துப்போகிறது? முதன்முதலாக வளர்த்துப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. பத்தில் எட்டுச் செடி சாவது தண்ணீரால்தான். ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் ஊற்றுகிற கையோடு இதற்கும் ஊற்றிவிடுகிறோம். மிச்சம் இரண்டு, வேரை அறுத்து இடம் மாற்றியதால் போகிறது. இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டால், தமிழ்நாட்டு வெயிலுக்கு ஆவாரையைவிடச் சிரமமில்லாத பூச்செடி கிடைப்பது கஷ்டம்.

தாவரவியல் பெயர் சென்னா ஆரிக்குலேட்டா. பழைய புத்தகங்களில் காசியா ஆரிக்குலேட்டா என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. இந்தியாவின் வறண்ட பகுதிகளுக்கும் இலங்கையின் வறள் வலயத்துக்கும் சொந்தமான குத்துச்செடி. தெலங்கானாவின் மாநில மலரும் இதுதான். அங்கே தங்கேடு என்பார்கள். சாதாரணமாக நெஞ்சுயரம் வரும். நல்ல மண்ணும் இடமும் கிடைத்தால் ஆள் உயரத்தைத் தாண்டும். ஆண்டு முழுவதும் இலை இருக்கும். மழை முடிந்த பிறகு பூ உச்சத்தில் இருக்கும், மற்ற மாதங்களிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும்.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் காணுங்கள்

நர்சரியில் 'ஆவாரை' என்று கேட்டால் மஞ்சள் பூப் பூக்கிற ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அதனால் வாங்குவதற்கு முன்பும் விதை பொறுக்குவதற்கு முன்பும் கீழே சொல்வதைப் பாருங்கள்.

இலைக்காம்பு தண்டில் ஒட்டும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே காம்பின் இரண்டு பக்கமும் காது மடல் போல அகன்று வளைந்த இரண்டு பச்சைச் செதில்கள் இருக்கும். உதிராமல் அப்படியே நிற்கும். ஆரிக்குலேட்டா என்ற பெயரே 'காதுள்ளது' என்பதுதான். இந்தக் காது இல்லையென்றால் அது ஆவாரை இல்லை. வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

சந்தேகம் தீராதவர்களுக்கு இன்னும் சில அடையாளங்கள். ஓர் இலையில் 8 முதல் 12 ஜோடி சிற்றிலைகள் இருக்கும், நுனி மழுங்கலாக இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே குண்டூசி முனை போலச் சின்னதாக ஒரு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். பூ ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அகலம். இதழ் ஓரம் கசங்கினாற்போல் சுருங்கி, ஆரஞ்சு நிற நரம்புகளோடு இருக்கும். காய் தட்டையாக, காய்ந்தால் காகிதம் மாதிரி ஆகிவிடும். உள்ளே விதைகள் இருக்கும் இடமெல்லாம் வெளியிலேயே வரிசையாகப் புடைத்துத் தெரியும்.

குழப்பம் வருவது இவற்றோடுதான்: பொன்னாவாரை என்கிற பேயாவரை (சிற்றிலை நான்கைந்து ஜோடிதான், நுனி கூர்மை, கசக்கினால் நாற்றம்), சீமையகத்தி (மெழுகுவர்த்தி போல நிமிர்ந்த பூங்கொத்து), நிலாவாரை. பேயாவரையின் விதை நஞ்சு, குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம்; மற்ற இரண்டையும் வளர்ப்பதில் பெரிய தீங்கு ஒன்றுமில்லை. ஆனால் 'சென்னா ஸ்பெக்டாபிலிஸ்' என்ற வெளிநாட்டு மஞ்சள் கொன்றையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, முதுமலை வட்டாரக் காடுகளில் பரவி, இப்போது வனத்துறை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிற மரம் அது.

விதை எடுப்பது

விதைதான் சிறந்த வழி. குச்சி நட்டால் வேர் பிடிப்பது அபூர்வம். ரோட்டோரச் செடியைப் பெயர்த்து வருவதை யோசிக்கவே வேண்டாம்: முழங்கால் உயரச் செடியாக இருந்தாலும் ஆணிவேர் அதைவிட ஆழத்தில் இருக்கும், தோண்டும்போது அறுந்துவிடும். வீட்டுக்கு வந்த செடி நாலு நாள் பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டு, பிறகு இலையைக் கொட்டும். ஒரு செடியைக் கொன்றதுதான் மிச்சம்.

பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவைத் தேடுகிற சமயத்தில் செடி பூவும் பிஞ்சுமாக இருக்கும். அதிலிருந்து ஓரிரண்டு மாதம் கழித்துப் போனால் காய் காய்ந்து பழுப்பாகியிருக்கும். ஆட்டிப் பார்த்தால் சலசலவென்று சத்தம் வர வேண்டும். பச்சை மாறாத காயிலுள்ள விதை முளைக்காது. நான்கைந்து வெவ்வேறு செடிகளிலிருந்து ஆளுக்குக் கொஞ்சமாக, எல்லாமாகச் சேர்த்து 15 காய் போதும். ஒரு காயில் 12 முதல் 20 விதை வரை இருக்கும். விதை வண்டு தின்றது போக 100 விதையாவது தேறும். ஒரு வீட்டுக்கு அது தாராளம்.

விதை வண்டைப் பற்றி ஒரு வார்த்தை. காய் செடியில் இருக்கும்போதே வண்டு முட்டையிட்டுவிடும். வீட்டில் டப்பாவில் அடைத்து வைத்தால், ஆடி மாதம் திறக்கும்போது ஓட்டை விழுந்த விதையும் மாவும்தான் இருக்கும். அதனால் காயை உடைத்த அன்றே விதையை முறத்தில் பரப்பிப் பாருங்கள். குண்டூசித் துளை உள்ளது, சுருங்கியது, மிகவும் சப்பையானது எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு, மீதியை 2 நாள் வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத பாட்டிலில் வையுங்கள். விதைக்கும் நாளில் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளிவிடுங்கள்.

விதையின் தோலை உடைப்பது

இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் 'போட்டேன், முளைக்கவே இல்லை' என்ற புலம்பல் வருகிறது. ஆவாரை விதையின் மேல்தோல் தண்ணீர் புகாத ஓடு. காட்டில் அது மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து, மண்ணில் உரசி, மெல்ல மெல்ல விரிசல் விட்டு, சில விதை இந்த மழைக்கும் சில விதை அடுத்த மழைக்குமாக முளைக்கும். மொத்தமாக முளைத்து ஒரே கோடையில் மொத்தமாகச் சாகாமல் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு. நமக்கு அவ்வளவு பொறுமை இல்லை என்பதால் இரண்டு வழிகள்.

வெந்நீர் முறை: விதையின் அளவைப் போல ஐந்து மடங்கு தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். அடுப்பிலிருந்து இறக்கி 2 நிமிடம் ஆற விடுங்கள். ஒரு கிண்ணத்தில் இருக்கும் விதையின் மேல் ஊற்றி, அப்படியே ஓர் இரவு விட்டுவிடுங்கள். விதையை அடுப்பிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் வெந்துவிடும், முளைக்காது. காலையில் பார்த்தால் சில விதை ஏறக்குறைய இரண்டு மடங்காக ஊதியிருக்கும், சில அப்படியே கல்லாக இருக்கும். ஊதியதை அன்றே விதைத்துவிடுங்கள். ஊதாததற்கு மறுபடி ஒருமுறை வெந்நீர்.

உரசும் முறை: 20, 30 விதைதான் என்றால் இதுவே நல்லது. விதையை இரண்டு விரலால் பிடித்து, கூரான முனைக்கு எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் நாலைந்து தடவை தேயுங்கள். பழுப்பு நிறத் தோல் போய் உள்ளே வெளிர் நிறம் புள்ளியாகத் தெரிந்ததும் நிறுத்துங்கள். கூரான முனைப்பக்கம்தான் கரு இருக்கிறது. அதைத் தேய்த்தால் விதை போச்சு. தேய்த்த விதையைச் சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தால் ஒன்றுவிடாமல் ஊதிவிடும்.

நாற்றங்கால்காரர்கள் கந்தக அமிலத்தில் நனைத்து எடுப்பதும் உண்டு. வீட்டில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

எப்போது விதைப்பது

ஆடிக் கடைசி முதல் ஆவணி நடு வரை, அதாவது ஆகஸ்டில். காரணம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் பிடிக்கும்போது செடிக்கு ஒன்றரை மாத வயதாவது ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் ஆணிவேர் இறங்கியிருக்கும், அடைமழையைத் தாங்கும், மழை விட்டதும் கிடைத்த ஈரத்தைத் துரத்திக்கொண்டு இன்னும் கீழே போகும். ஐப்பசியில் விதைத்தால் இரண்டு இலை நாற்று, ஓயாத ஈரத்தில் தண்டு அழுகிச் சாயும். கடலோர மாவட்டங்களில் இது கட்டாயம் நடக்கும். தையில் விதைத்தால் முளைக்கும், ஆனால் வேர் இறங்குவதற்குள் சித்திரை வந்துவிடும். நீங்கள் கோடை முழுக்கக் குடத்தோடு நிற்க வேண்டும்.

நேரடியாக விதைப்பதா, பையில் போட்டு நடுவதா?

தரையில் இடம் இருந்தால் நேரடியாக, செடி கடைசிவரை நிற்கப்போகிற இடத்திலேயே விதையுங்கள். பையில் வளர்த்த செடி முதல் மூன்று மாதம் முந்திக்கொண்டு நிற்கும். அடுத்த கோடையில் நேரடியாக விதைத்தது அதைத் தாண்டிவிடும். ஆணிவேர் தடைபடாமல் நேரே இறங்கியதுதான் காரணம்.

நேரடி விதைப்பு: இடத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி மண்ணைக் கடப்பாரையால் ஒரு அடி ஆழத்துக்குக் கிளறி, கல்லும் களையும் நீக்கி, அதே மண்ணை மூடுங்கள். எரு போட வேண்டாம். நடுவில் ஒரு சாண் இடைவெளிக்குள் 4 விதையை 1 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் முளை தெரியும். விரல் நீளம் வளர்ந்ததும் திடமான ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசைந்துவிடும்.

பை முறை: அகலத்தைவிட ஆழம் முக்கியம். 4 அங்குல அகலம், 8 அங்குல உயரமுள்ள பை போதும். மண்கலவை: செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் அல்லது கழுவிய பருமணல் 1 பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு. மாடித்தோட்டக்காரர்கள் எதற்கெடுத்தாலும் சேர்க்கிற தேங்காய் நார்க்கழிவு இதற்கு ஆகாது. ஈரத்தைப் பிடித்துவைப்பது அதன் குணம், இந்தச் செடிக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். பைக்கு 2 விதை. 45 நாளுக்குள் நட்டுவிட வேண்டும். தள்ளிப்போட்டால் ஆணிவேர் பையின் அடியில் முட்டி, சுருண்டு, சுற்றிக்கொள்ளும். அப்படிச் சுருண்ட வேர் மண்ணுக்குள் போன பிறகும் சுருண்டேதான் வளரும். இரண்டு வருடம் கழித்து ஒரு காற்றடித்தால் செடி அப்படியே சாய்ந்துகிடக்கும்.

நடும்போது பையின் பக்கவாட்டைப் பிளேடால் கீறி, மண்கட்டி உடையாமல் குழியில் இறக்குங்கள். மண்கட்டியின் மேல்மட்டம் தரைமட்டத்துக்கு ஒரு விரல் உயரமாக இருக்கட்டும். தண்டைச் சுற்றி மண்ணைக் குவித்து மூடுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு, இங்கே வேண்டாம். தண்டின் அடி எப்போதும் காய்ந்திருக்க வேண்டும்.

இடம்

நேர் வெயில் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும். அதற்குக் குறைந்தால் செடி சாகாது, வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, உச்சியில் மட்டும் நாலு பூ வைக்கும். எந்தச் செடியை வைத்தாலும் கருகுகிறதே என்று நீங்கள் கைவிட்ட, மேற்கு வெயில் அடிக்கிற காம்பவுண்டு ஓரம்தான் இதற்குச் சரியான இடம். சுவரிலிருந்து 3 அடி தள்ளி வையுங்கள், செடி அகலமாகப் படரும்.

மண்ணைப் பற்றிக் கவலையே வேண்டாம்: செம்மண், சரளை, சுண்ணாம்புக் கற்கள் கலந்த மண், கொஞ்சம் உவர்ப்பான மண் எல்லாம் சரி. தண்ணீர் நிற்கிற இடம் மட்டும் கூடாது. சோதித்துப் பார்க்க ஒரு அடி ஆழக் குழி எடுத்து, வாளித் தண்ணீரால் நிரப்புங்கள். முதல் முறை வடிந்ததும் மறுபடி நிரப்பி மணி பாருங்கள். 4 மணி நேரத்துக்குள் வடிந்தால் அங்கேயே வையுங்கள். மறுநாள் வரை நின்றால் அது களிமண்; அங்கே ஒரு முழ உயரம், 4 அடி அகலத்துக்குச் சரளை கலந்த மண்ணைக் கொட்டி மேடு போட்டு, அதன் உச்சியில் வையுங்கள். களிமண்ணில் குழி தோண்டி, அந்தக் குழியை மட்டும் நல்ல மண்ணால் நிரப்புவது பெரிய தப்பு. சுற்றியுள்ள களி தண்ணீரை விடாது; நீங்கள் தோண்டியது கிணறாகிவிடும், வேர் அதற்குள் முழுகிவிடும்.

தனிச்செடிக்கு 5 அடி இடைவெளி. வேலியாக வேண்டுமென்றால் இரண்டரை அடிக்கு ஒன்று. ஆடு மாடு பெரும்பாலும் வாய் வைக்காது என்பதால் திறந்த வீட்டுக்கு நல்ல வேலி.

தண்ணீர்

ஒரு கணக்கு இருந்தால் கை அடங்கும். மழை பெய்த வாரத்தில் இந்தக் கணக்கும் வேண்டாம்.

முளைக்கும் வரை: தினமும் ஒரு தெளிப்பு, மேல் மண் காயாமல்.
முளைத்த முதல் மாதம்: 3 நாளுக்கு ஒருமுறை, செடிக்கு அரை லிட்டர்.
இரண்டாம் மாதத்திலிருந்து பருவமழை வரை: வாரம் ஒருமுறை, 2 லிட்டர்.
பருவமழை முழுக்க: ஒன்றும் இல்லை.
முதல் கோடை (மாசி முதல் வைகாசி வரை): 15 நாளுக்கு ஒருமுறை, 8 முதல் 10 லிட்டர், ஒரே தடவையில், மெதுவாக.
அதற்குப் பிறகு: மழை போதும். பல மாதம் மழையே இல்லாமல் இலை கொட்ட ஆரம்பித்தால் மட்டும் ஒரு குடம்.

முதல் கோடையில் ஏன் 15 நாள் இடைவெளி என்றால், தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் ஈரம் மேல் நாலு அங்குலத்திலேயே நிற்கும், வேரும் அங்கேயே சுற்றித் திரியும், நீங்கள் ஊருக்குப் போன வாரம் செடி வாடும். ஆழமாக ஊற்றிக் காயவிட்டால் வேர் கீழே இறங்கியே ஆக வேண்டும். மதியம் இலை கொஞ்சம் மடங்கித் தொங்குவதைப் பார்த்துப் பதறாதீர்கள். மறுநாள் காலையில் பாருங்கள்: விரிந்திருந்தால் ஒன்றுமில்லை, காலையிலும் தொங்கினால்தான் தாகம்.

சொட்டுநீர்க் குழாய் ஓடுகிற பாத்தியில் ஆவாரையை வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் அதன் பக்கத்துச் சொட்டுவானை அடைத்துவிடுங்கள். புல்தரை நடுவிலும் கூடாது, புல்லுக்குத் தெளிக்கிற தண்ணீர் இதைக் கொன்றுவிடும்.

தண்ணீர் கூடினால் தெரிகிற அறிகுறி ஏமாற்றும். அடி இலை மஞ்சளாகி உதிரும், நுனி வாடும், பார்க்கத் தாகத்தில் இருப்பதுபோலவே இருக்கும். மறுபடி தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றுவதற்கு முன் தண்டை ஒட்டி ஒரு சாண் ஆழம் குச்சியைக் குத்தி எடுங்கள். குச்சியில் ஈரமண் ஒட்டியிருந்தால் வேர் அழுகல் தொடங்கிவிட்டது. செய்யக்கூடியது ஒன்றே: தண்ணீரை நிறுத்தி, தண்டைச் சுற்றி மண்ணை மூடிப் பரப்பிய இலைதழையை (மூடாக்கை) விலக்கி, மண்ணைக் காற்றாட விடுவது. பாதிக்குப் பாதி பிழைக்கும்.

உரம்

வேண்டாம். யூரியாவோ கோழி எருவோ போட்டால் இலை கரும்பச்சையாகத் தழைக்கும், தண்டு நீளும், பூ குறையும், அசுவினி வரும். 'அவரைக் குடும்பத்துச் செடிதானே, வேர்முடிச்சு வைத்து மண்ணுக்கு நைட்ரஜன் தரும்' என்று எழுதியிருப்பதை நம்பி ரைசோபியம் என்கிற நுண்ணுயிர் உரப் பாக்கெட் வாங்கிப் போடவும் வேண்டாம். அந்தக் குடும்பம்தான், ஆனால் சென்னா இனச் செடிகள் பெரும்பாலும் வேர்முடிச்சு வைப்பதில்லை. மண்ணுக்கு இது தருவது தழை. கவாத்தில், அதாவது கிளையை வெட்டிவிடும்போது கிடைக்கிற தழையை மற்றப் பாத்திகளுக்கு மூடாக்காகப் போடுங்கள். வயலுக்குத் தழையுரமாக ஆவாரையை வெட்டிப்போடும் வழக்கம் பழையதுதான்.

தொட்டியில் வளர்த்தால்

முடியும், ஆனால் தரைச்செடியில் பாதி அளவுதான் எதிர்பார்க்க வேண்டும். 18 அங்குல ஆழமுள்ள மண்தொட்டி அல்லது துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் விரல் நுழைகிற அளவில் 5 துளை. மண்கலவை மேலே சொன்னதுதான், மணலை மட்டும் ஒன்றரைப் பங்காக்குங்கள். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் வடிகால் அடைபடாது, அடித்தட்டு வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் தரைச்செடிபோல் விட்டுவிட முடியாது. கோடையில் 3 நாளுக்கு ஒருமுறை, துளை வழியாக வெளியே வரும் வரை. நான்காம் வருடம் பூ குறைந்தால் வேர் தொட்டியை நிரப்பிவிட்டது என்று அர்த்தம். வேரை அறுத்து மாற்றுவதைவிடப் புது விதை போடுவது சுலபம்.

கவாத்து

ஆவாரை புதுத் துளிரின் நுனிப்பக்கம் கொத்தாகப் பூக்கும். எத்தனை நுனி இருக்கிறதோ அத்தனை கொத்து. கவாத்தின் ரகசியம் அவ்வளவுதான்.

செடி முழங்கால் உயரம் வந்ததும் நடு நுனியை இரண்டு விரலால் கிள்ளிவிடுங்கள். பக்கத்தில் மூன்று நான்கு கிளை வெடிக்கும். அவை ஒரு முழம் நீண்டதும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள். முதல் வருடம் இது போதும்.

இரண்டாம் வருடத்திலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை, காய் எல்லாம் முற்றி உதிர்ந்த பிறகு, ஆனி மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டுங்கள். ஆடி ஆவணி மழைக்குத் துளிர்த்து, பருவமழை முடியும்போது பூவாகும். ஐப்பசியில் கவாத்து செய்தால் அந்த வருடப் பூ போச்சு. வெட்டு கணுவுக்கு ஒரு விரல் மேலே, சாய்வாக இருக்கட்டும்.

அடிப்பகுதி மொட்டையாகி உச்சி மட்டும் தழைத்த கிழட்டுச் செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. அதே ஆனியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தத்தையும் அறுத்துவிடுங்கள். தோல் பதனிடுவதற்கு இதன் பட்டைக்காகக் காலங்காலமாகக் கிளையை வெட்டி வந்திருக்கிறார்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கிற செடி.

புழு, எறும்பு, மாவுப்பூச்சி

ஒரு நாள் காலையில் துளிர் இலையெல்லாம் காம்பு மட்டும் மிஞ்சி நிற்கும். உற்றுப் பார்த்தால், நடு நரம்பின் மேல் அதே பச்சையில், நரம்போடு நரம்பாக ஒட்டிப் படுத்திருக்கிற வழுவழுப்பான புழு தெரியும். வெளிர்மஞ்சளும் வெள்ளையுமாகக் கூட்டமாகப் பறக்கிறதே, அந்த வண்ணத்துப்பூச்சிகளின் பிள்ளை அது. இலையைத் தின்றுவிட்டு, இரண்டு வாரத்தில் கூட்டுப்புழுவாகித் தொங்கும். ஓராண்டு தாண்டிய செடிக்கு இதனால் எதுவும் ஆகாது, அடுத்த மழைக்கு இரட்டிப்பாகத் துளிர்க்கும். மருந்தடிக்காதீர்கள். வேப்பெண்ணெயும் இந்தப் புழுவைக் கொல்லும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு சாண் உயர நாற்றில் வந்தால் மட்டும் புழுவைக் குச்சியில் ஏற்றிப் பெரிய செடிக்கு மாற்றுங்கள்.

இலைமேல் எறும்பு ஓடுவதைப் பார்த்ததும் எறும்புப் பொடி தேடாதீர்கள். சிற்றிலைகளுக்கு நடுவே இருக்கிறது என்று சொன்ன அந்தச் சுரப்பி இனிப்பு நீர் கசியும். எறும்பு அதற்குத்தான் வருகிறது. வந்த இடத்தில் சின்னச் சின்னப் பூச்சிகளையும் விரட்டும்.

ஆனால் எறும்பு ஒரே நுனியில் மொய்த்துக்கொண்டு, அங்கே வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. அதை எறும்பே பாதுகாக்கும். அந்த நுனியை வெட்டி, சோப்புத் தண்ணீரில் முக்கிப் போடுங்கள். மீதிக் கிளைகளைக் குழாய்த் தண்ணீரின் வேகத்தில் மூன்று நாள் அடித்துக் கழுவினால் அடங்கிவிடும். மழைக்குப் பின் பனிக்காலத்தில் இலைமேல் சாம்பல் பூத்தாற்போல் வந்தால், செடிகள் நெருக்கமாக இருக்கின்றன, காற்று போகவில்லை என்று பொருள். உள்பக்கக் கிளை இரண்டை எடுத்துவிடுங்கள்.

பூ வந்த பிறகு

நல்ல வெயிலில், ஆவணியில் விதைத்த செடி அடுத்த ஆண்டு மழைக்குப் பிறகு நன்றாகப் பூக்கும். சில செடி அதற்கு முன்பே ஒரு கொத்து வைத்து ஆசை காட்டும்.

காலை எட்டு மணி வாக்கில் செடியருகே நின்று கேளுங்கள். கருவண்டு என்று நாம் சொல்கிற, மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் பெரிய தேனீ வந்து பூவைக் கட்டிக்கொள்ளும். பறக்கும்போது ஒரு ரீங்காரம். பூவில் உட்கார்ந்ததும் சிறகை அடிக்காமலே இன்னும் கீச்சென்று வேறொரு சத்தம். இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தப் பை உப்பு டப்பா மாதிரி நுனியில் மட்டும் துளையுள்ளது; அந்த அதிர்வில்தான் மகரந்தம் உதிரும். அந்தத் தேனீ வராத இடத்தில் செடி எவ்வளவு பூத்தாலும் காய் பிடிப்பது குறைவாகவே இருக்கும். தோட்ட மூலையில் காய்ந்த மரக்கட்டை ஒன்று, கை தடிமனில், அப்புறப்படுத்தாமல் கிடக்கட்டும். அது போதும், கூடு வைத்துக்கொள்ளும்.

பூவை வீட்டுத் தேவைக்குப் பறிப்பதானால் காலையில், கொத்தில் பாதியை மட்டும் பறியுங்கள். மருந்தடித்த செடியிலும், வாகனப் புகை படிகிற ரோட்டோரச் செடியிலும் வேண்டாம். நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்பினால் மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். குவித்து வைத்தால் கறுத்துப் பூசணம் பிடிக்கும்.

பூக்கவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்: வெயில் போதுமா, யாராவது உரம் போட்டார்களா, கவாத்து எந்த மாதம் செய்தீர்கள், பக்கத்துப் பாத்தித் தண்ணீர் இதற்குள் கசிகிறதா. காரணம் பெரும்பாலும் முதல் இரண்டிலேயே கிடைத்துவிடும்.

மூன்றாம் ஆண்டு வாக்கில், உதிர்ந்த விதையிலிருந்து செடியைச் சுற்றி நாற்றுகள் தானாக முளைக்கத் தொடங்கும். வேண்டாதவற்றை இரண்டு மூன்று இலை இருக்கும்போதே, மழை பெய்த மறுநாள் பிடுங்கிவிடுங்கள். ஒரு முழம் வளரவிட்டால் கையால் வராது, மண்வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். யாருக்காவது கொடுக்க நினைத்தால் அந்த நாற்றைப் பெயர்த்துக் கொடுக்காதீர்கள்; ஒரு கைப்பிடி விதையைக் காகிதத்தில் மடித்து, வெந்நீர் விஷயத்தை மறக்காமல் சொல்லிக் கொடுங்கள்.